வெவே: சாப்ளின் வீட்டைப் பார்த்ததும் கிளம்பிவிடலாமா, ஊரிலும் தங்க வேண்டுமா?

கோவைப்பயணி

வணக்கம். செப்டம்பர் கடைசியில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்து போகிறேன். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சாப்ளின் என்றால் அவருக்கு உயிர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊமைப்படம் போட்டுக் காட்டியே பாடம் நடத்தியவர். அதனால் ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் வெவே ஊருக்குப் போகாமல் இந்தப் பயணம் முழுமையாகாது.

எங்கள் டிராவல்ஸ்காரர் போட்டுத் தந்த திட்டம் இது: காலையில் ஜெனீவாவில் ரயில் ஏறி, சாப்ளின் மியூசியத்தை மட்டும் பார்த்துவிட்டு, அன்று மாலையே மலைப்பக்கம் இருக்கும் இன்டர்லாக்கன். "அந்த ஊரில் வேறு ஒன்றும் கிடையாது" என்கிறார். இணையத்தில் தேடினால் இருபதாயிரம் பேர் அளவில் வசிக்கும் ஊருக்கு, கேமராவுக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று என்று ஏழெட்டு மியூசியம் காட்டுகிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எது பார்க்கத் தகுந்தது, எதை விட்டுவிடலாம்? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. படிக்கட்டு அதிகம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

லேமான்கரை

நான் லவுசானில் இருக்கிறேன். வெவே எங்களுக்குத் தொடருந்தில் கால் மணித்தியாலம்தான். ஊரில் இருந்து ஆக்கள் வந்தால் முதலில் நான் கூட்டிக்கொண்டு போகிற இடம் அது. உங்கள் டிராவல்ஸ்காரர் சொன்னதைக் கேட்க மனம் பொறுக்கவில்லை.

முதலில் சாப்ளின் வீடு. அது வெவே ஊருக்குள் இல்லை, மேலே கோர்சியேயில் இருக்கிறது. நிலையத்துக்கு முன்னால் 212ஆம் இலக்கப் பேருந்தில் ஏறினால் 'சாப்ளின்' என்ற பெயரிலேயே தரிப்பிடம் வரும். 1952 செப்டம்பரில் அவர் குடும்பத்தோடு கப்பலில் லண்டன் போய்க்கொண்டிருந்தபோது, திரும்பி வரும் அனுமதியை அமெரிக்க அரசு ரத்துச் செய்துவிட்டது. அடுத்த வருடம் இந்த மாளிகையை வாங்கிக் குடிவந்து, 1977 நத்தார் (கிறிஸ்துமஸ்) நாளில் இங்கேயே கண்ணை மூடினார். 2016 ஏப்ரலில்தான் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

இரண்டு பகுதி. ஒன்று புதிதாகக் கட்டிய ஸ்டூடியோ. சின்னத் திரையரங்கில் இருத்திக் கொஞ்ச நேரம் படம் காட்டுவார்கள். படம் முடிந்ததும் திரை மேலே எழும்பும். பின்னால் அவருடைய படங்களில் வருகிற ஏழைத் தெரு அப்படியே நிற்கும். எழும்பி நேரே அந்தத் தெருவுக்குள்ளே நடந்து போகலாம். உங்கள் அப்பா அந்த இடத்தில் என்ன செய்யப்போகிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கோ. உள்ளே போகப் போக, தொழிலாளியை விழுங்குகிற பெரிய பற்சக்கரம், பனிமலையில் ஒரு பக்கம் சரிகிற மரக் குடிசை எல்லாம் இருக்கு. சக்கரத்துக்குள்ளே படுத்துப் படம் எடுக்க விடுவார்கள்.

மற்றது அவர் வாழ்ந்த வீடு. நூலகம், சாப்பாட்டு அறை, இருக்கும் அறை. எட்டுப் பிள்ளைகள் வளர்ந்த வீடு என்பது பார்க்கவே தெரியும். வீட்டில் எடுத்த குடும்பப் படங்கள் ஓடிக்கொண்டிருக்கும். குளியலறைக்குள்ளே ஐன்ஸ்டீனின் மெழுகு உருவம் நிற்கும். எனக்கு ஸ்டூடியோவைவிட வீடுதான் பிடிக்கும். இரண்டுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து அரை நாள் ஒதுக்குங்கோ. அவசரப்பட்டால் தோட்டத்தைத்தான் பார்க்காமல் விட்டுவிடுவீர்கள், அது பாவம். லிப்ட் இருக்கு, அம்மா யோசிக்கத் தேவையில்லை.

அப்புறம் கோர்சியே சேமக்காலைக்கும் போய் வாருங்கோ. அவரும் மனைவி ஊனாவும் பக்கத்தில் பக்கத்தில். 1978 மார்ச்சில் அவருடைய உடலைப் பெட்டியோடு தோண்டிக் களவெடுத்துப் பணம் கேட்ட கதை தெரியும்தானே? மே மாதம் ஒரு வயலுக்குள்ளே கண்டெடுத்து, திரும்பப் புதைத்தபோது கொங்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். கல்லறையில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை. பெயரும் ஆண்டும் மட்டும்.

சிகரம்தேடி

என் கருத்து வேறு. சாப்ளின் வீடு, சரி, அப்பாவுக்காகப் போக வேண்டியதுதான். மற்ற மியூசியங்களுக்காக ஒரு நாளைக் கூடுதலாகக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தியாவிலிருந்து இவ்வளவு செலவு செய்து, விசா எடுத்து, வயதானவர்களை அழைத்துப் போகிறீர்கள். ஆல்ப்ஸ் மலையும் பனிப்பாறையும் நம் தமிழ்நாட்டில் கிடையாது. அந்த நாளை யுங்ஃப்ராவ் சிகரத்தின் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மேகம் வந்து ஒரு நாள் கெட்டுப்போனாலும் கையில் இன்னொரு நாள் இருக்கும். மலையில் அதுதான் முக்கியம். கேமராவையும் முள்கரண்டியையும் எந்த ஊரிலும் பார்க்கலாம்.

கட்டடக்காரி

மலைக்கு உபரி நாள் வேண்டும் என்பது நல்ல யோசனை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் வெவேயை மற்ற ஊர் மியூசியங்களோடு சேர்த்துப் பேசக் கூடாது. இங்கே மியூசியம் என்பது எங்கிருந்தோ பொருட்களைக் கொண்டுவந்து அடுக்கிய கட்டடம் இல்லை. பெரும்பாலானவை அந்தந்த விஷயம் நடந்த இடத்திலேயே இருக்கின்றன. சாப்ளின் மியூசியம் அவர் வீடு. உணவு மியூசியம் நெஸ்லேயின் பழைய நிர்வாகக் கட்டடம். திராட்சைக்காரர்களின் மியூசியத்திலிருந்து வெளியே வந்து கொஞ்ச தூரம் போனால் திராட்சைத் தோட்டம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதைப் பற்றிப் படித்தோமோ அது கண்ணுக்குத் தெரிகிறது. பெரிய தலைநகரங்களில் இது அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். ஊரின் மேற்குப் பக்கம் கோர்ஸோவில், ஏரியை ஒட்டி ஒரு சின்ன வெள்ளை வீடு இருக்கிறது. லெ கொர்பூசியே 1923-24இல் தன் அப்பா அம்மாவுக்காகக் கட்டியது. ஆம், சண்டிகரை வடிவமைத்தவர்தான். 2016இல் யுனெஸ்கோ அவருடைய 17 கட்டடங்களை ஒரே பட்டியலாக உலகப் பாரம்பரியத்தில் சேர்த்தது. அதில் சண்டிகரின் சட்டமன்ற, உயர் நீதிமன்ற வளாகமும் உண்டு, இந்தச் சின்ன வீடும் உண்டு.

பரப்பு 64 சதுர மீட்டர்தான். நம் கணக்கில் எழுநூறு சதுர அடிக்குள். அதில் ஏரியைப் பார்த்து 11 மீட்டர் நீளத்துக்கு ஒரே ஜன்னல். வீட்டுக்குள் எங்கே நின்றாலும், பாத்திரம் கழுவினாலும் படுத்திருந்தாலும், ஏரியும் எதிர்க்கரை மலையும் பக்கத்திலேயே இருக்கும். தோட்டத்தில் அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் வியப்பு. ஏரி முழுக்கத் தெரிகிற இடத்தில் சுவரை எழுப்பிக் காட்சியை மறைத்துவிட்டு, அந்தச் சுவரில் ஒரே ஒரு சதுரத் திறப்பு விட்டிருக்கிறார். அதை ஒட்டிக் கல் மேசை. திறப்பு வழியாகப் பார்க்கும்போது அதே ஏரி சட்டம் போட்ட ஓவியமாகிவிடுகிறது. எல்லாப் பக்கமும் காட்சி இருந்தால் கண் சலித்துப்போகும் என்று யோசித்துச் செய்தது. வீட்டு நாய் தெருவில் போகிறவர்களைப் பார்ப்பதற்கென்று சுவரில் தாழ்வாக ஒரு ஓட்டைகூட உண்டு.

கொர்பூசியேயின் அப்பா குடிவந்து இரண்டொரு வருடத்தில், 1926இல் இறந்துவிட்டார். அம்மா 1960இல், கிட்டத்தட்ட நூறு வயதில் இறக்கும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார். வயதான பெற்றோருக்கு மகன் கட்டிய வீட்டை உங்கள் பெற்றோரோடு போய்ப் பாருங்கள் கோவைப்பயணி. கோடை மாதங்களில், அதுவும் வாரத்தில் சில நாட்கள்தான் திறப்பார்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்தக் கிழமையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிழற்பெட்டி

சிகரம்தேடி, கேமராவை எந்த ஊரிலும் பார்க்கலாம் என்றீர்கள். இந்தத் தொகுப்பை வேறு எங்கும் பார்க்க முடியாது. சந்தைச் சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் பழைய வீடுகளுக்குள் சுவிஸ் கேமரா மியூசியம் இருக்கிறது. இருட்டறைப் பெட்டியிலிருந்து தொடங்கி, வெள்ளித் தகட்டுப் படங்கள், கண்ணாடி நெகட்டிவ், பிலிம் சுருள், டிஜிட்டல் என்று மாடி மாடியாக ஏறிப் போகலாம். சுவிட்சர்லாந்திலேயே செய்த ஆல்பா கேமராக்கள் இருக்கின்றன. கடிகாரத் தொழில் செய்த நாடு கேமரா செய்தால் அந்தத் திருகும் சக்கரமும் எப்படி இருக்கும் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

என்னை நிறுத்திப் பிடித்தது புறாக் கேமரா. கிறிஸ்டியன் மிஷெல் என்ற சுவிஸ் கடிகாரக்காரர் 1930களில் செய்தது. புறாவின் மார்பில் கட்டுகிற அளவுக்குச் சின்னது. பறக்கும்போது தானாகவே நேரம் பார்த்துப் படம் எடுக்கும். டிரோன் எல்லாம் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்னால். அவருடைய கேமராவும் காகிதங்களும் இந்த மியூசியத்தின் பொறுப்பில்தான் இருக்கின்றன.

இன்னொரு தகவல். நீங்கள் போவது இரட்டைப்படை ஆண்டு என்றால் செப்டம்பரில் 'இமாஜ் வெவே' விழா நடக்கும். கட்டடச் சுவர்கள், பூங்கா, தெரு முழுக்கப் பெரிய பெரிய புகைப்படங்களை வைப்பார்கள். டிக்கெட் கிடையாது. ஊரே காட்சிக்கூடம்.

கோவைப்பயணி

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. அந்தச் சின்ன வெள்ளை வீட்டைப் பற்றி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாப்ளின் அப்பாவுக்கு என்றால் இது எனக்கு என்று சொல்லிவிட்டார். கட்டடக்காரி எழுதிய உணவு மியூசியம் எப்படி? அம்மாவுக்குச் சமையலில் ஆர்வம் அதிகம். ஏரிக்குள் ஒரு பெரிய முள்கரண்டி நிற்கிற படம் பார்த்தேன், அது அங்கேதானா?

உப்புப்புளி

அங்கேதான். அலிமென்டேரியம் என்று பெயர், 1985இல் திறந்தது. அந்த முள்கரண்டி 8 மீட்டர் உயரம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பல் கீழே இருக்கும்படி தண்ணீருக்குள் குத்தி நிற்கிறது. மியூசியத்தின் பத்தாம் ஆண்டுக்காக 1995இல் வைத்தார்கள். பின்னால் எடுத்துவிட்டு, ஊர்க்காரர்கள் விரும்பியதால் மறுபடி கொண்டுவந்தார்கள். அதன் எதிரே கரையில் சாப்ளின் சிலை. இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

உள்ளே நான் மெச்சியது ஒன்று, எனக்கு ஒப்பாதது ஒன்று.

மெச்சியது, உணவைத் தட்டோடு நிறுத்தாமல் உடம்பு, சமூகம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். நாக்கும் மூக்கும் சுவையை எப்படிப் பிரிக்கின்றன, சாப்பிட்டது எங்கே எப்படிச் செரிக்கிறது, எந்த நாட்டுக்காரர் எதைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று போகும். பிள்ளைகள் தொட்டு விளையாட நிறைய இருக்கிறது. சமையல் வகுப்பும் நடத்துகிறார்கள்.

ஒப்பாதது இது. மியூசியத்தை நிறுவியது நெஸ்லே. அந்த நிறுவனத்தின் குழந்தை மாவுப் பால் விளம்பரத்துக்கு எதிராக 1977இல் அமெரிக்காவில் புறக்கணிப்பு தொடங்கியது. 1981இல் உலக சுகாதார அமைப்பு தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனைக்கு ஒரு நெறிமுறையே கொண்டுவந்தது. உலகம் முழுவதும் தாய்மார்களைத் தொட்ட விவகாரம் அது. உணவைப் பற்றிப் பேசுகிற இடம், அதுவும் அதே ஊரில் இருப்பது, இதை நடுக்கூடத்தில் வைத்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. யார் பணத்தில் யார் கதை சொல்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

லேமான்கரை

உப்புப்புளி சொன்னதை நானும் ஏற்கிறேன். என் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது வீட்டுக்கு வந்து இதைப் பற்றிக் கன நேரம் கதைத்தோம். ஆனால் அந்தக் கதையின் தொடக்கமும் வெவேயில்தான் கிடக்கிறது என்பதால் ஊரை விட்டுவிடக் கூடாது. ஹென்றி நெஸ்லே பிராங்க்பர்ட்டில் பிறந்த மருந்தாளர். 1867இல் இங்கே பாலும் மாவும் சேர்த்த குழந்தை உணவைச் செய்தார். தாய்ப்பால் இல்லாமல் பிள்ளைகள் நிறையச் செத்துக்கொண்டிருந்த காலம். பக்கத்திலேயே டேனியல் பீட்டர் இருந்தார், முதலில் மெழுகுதிரி செய்தவர். சாக்லேட்டுக்குள்ளே பாலைச் சேர்த்தால் பாலில் இருக்கிற தண்ணீரால் பூஞ்சணம் பிடித்துப் பழுதாகிவிடும். வருடக்கணக்காக மினக்கெட்டு, தண்ணீர் வற்றவைத்த பாலைக் கொண்டு 1875இல் பால் சாக்லேட் செய்தார். இன்றைக்கு உலகம் முழுக்கச் சாப்பிடுகிற பால் சாக்லேட் இந்தச் சின்ன ஊரிலிருந்து வந்தது. நெஸ்லே முதலில் தொழில் தொடங்கின இடத்திலேயே, நிலையத்துக்குப் பக்கத்தில், 'நெஸ்ட்' என்று இன்னொரு காட்சியகமும் 2016இல் திறந்திருக்கிறார்கள். அது முழுக்க அவர்களுடைய சொந்தக் கதை. ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் ஏரிக்கரைக் கட்டடத்துக்கே போங்கோ.

கொடிமுந்திரி

கட்டடக்காரி ஒரு வரியில் தாண்டிப்போன திராட்சைக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். வெவேயின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

பழைய கோட்டை மாளிகையில் ஊர் வரலாற்று மியூசியத்தோடு சேர்ந்தே திராட்சைக்காரர் சங்கத்தின் மியூசியமும் இருக்கிறது. இந்தச் சங்கம் நல்ல தோட்டத் தொழிலாளிக்கு மாலை சூட்டும் விழா ஒன்றை நடத்துகிறது. 1797இலிருந்து இன்றைய வடிவில் வருகிறது. ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும். 1955, 1977, 1999, கடைசியாக 2019. அதாவது பிள்ளையாக ஆடியவர் அடுத்த முறை ஆடும்போது தன் பிள்ளையோடு ஆடுவார். 2019இல் சந்தைச் சதுக்கத்தில் இருபதாயிரம் பேர் உட்காரும் அரங்கத்தை எழுப்பி, விழா முடிந்ததும் பிரித்து எடுத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஊர்க்காரர்களே பாடி ஆடி நடித்தார்கள். 2016இல் யுனெஸ்கோ இதை வாழும் மரபாக அங்கீகரித்தது. மியூசியத்தில் பழைய விழாக்களின் உடைகள், கொடிகள், வரைபடங்கள் இருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் நாடக உடை. இருபது வருடத்துக்கு ஒருமுறை ஒரு ஊர் முழுக்க உட்கார்ந்து தைத்தது என்று தெரிந்து பார்த்தால் அங்கிருந்து நகர மனம் வராது.

பார்த்து முடித்ததும் லவோ தோட்டங்களுக்குப் போங்கள். வெவேயிலிருந்து புய்தூ வரை தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ரயில் ஏறிப் போகிறது. அம்மா நடக்கவே வேண்டாம், ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். 11ஆம் நூற்றாண்டில் துறவிகள் தொடங்கிய படிக்கட்டு வயல்கள் என்று சொல்வார்கள். 2007இலிருந்து உலகப் பாரம்பரியம். இங்கே திராட்சைக்கு மூன்று சூரியன் என்பது ஊர்ப்பேச்சு: வானத்துச் சூரியன், ஏரியில் பட்டுத் திரும்பும் வெயில், பகலெல்லாம் சூடேறி இரவில் வெப்பம் விடும் கல் சுவர். செப்டம்பர் கடைசி என்றால் அறுவடை சமயம். கொடியில் பழம் தொங்கும்போது பார்ப்பீர்கள்.

சிகரம்தேடி

படித்தேன். அறுவடையும் லவோ ரயிலும் என் மனதை மாற்றுகின்றன என்று சொல்லத்தான் வேண்டும். மலைக்கு உபரி நாள் வேண்டும் என்பதில் மாற்றமில்லை, அதை ஜெனீவாவிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வி: இத்தனை சொன்னீர்கள், பக்கத்தில் ஏரிக்கரையில் இருக்கும் சீயோன் (Chillon) கோட்டையை யாரும் சொல்லவில்லையே? அந்த ஏரியில் எனக்குத் தெரிந்து மிக அழகான கட்டடம் அதுதான்.

கட்டடக்காரி

சொல்லாததற்குக் காரணம் அம்மாவின் முழங்கால். சீயோன் அருமையான கோட்டை. கரையை ஒட்டிய பாறைமேல் நேராகத் தண்ணீரிலிருந்து எழுகிறது. சவாய் பிரபுக்கள் கையில் 1536 வரை இருந்து, அப்புறம் பெர்ன்காரர்களிடம் போனது. ஜெனீவா மடத் தலைவர் பொனிவார் என்பவரை 1530 முதல் 1536 வரை இங்கே அடைத்து வைத்திருந்தார்கள், கடைசி நான்கு வருடம் நிலவறையில். தூணில் சங்கிலி மாட்டிய வளையமும், 1816இல் வந்துபோன கவிஞர் பைரனின் பெயர் பொறித்த தூணும் இருக்கின்றன. ஆனால் உள்ளே முழுக்கப் படிக்கட்டு, மேடு பள்ளமான கல் தரை, குறுகலான ஏணிகள். வெவேயிலிருந்து நீராவிப் படகில் போய், கோட்டையை ஏரிப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டு, அப்பா மட்டும் உள்ளே போகலாம். திரும்பி வர 201ஆம் எண் பேருந்து வாசலிலேயே நிற்கும். சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் படகு, பேருந்து, கோட்டை மூன்றும் அதிலேயே அடங்கும்.

மைத்தகடு

ஒரு சின்னச் சேர்க்கை. நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஜெனிஷ் மியூசியம் இருக்கிறது, 1897இலிருந்து. ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஃபன்னி ஜெனிஷ் விட்டுச்சென்ற பணத்தில் கட்டியது. காகிதக் கலைதான் இதன் சிறப்பு: அச்சோவியம், கோட்டோவியம். டியூரர், ரெம்ப்ராண்ட் அச்சுகள் தொகுப்பில் உண்டு. பக்கத்து வில்நெவ்வில் கடைசிவரை வாழ்ந்த ஓவியர் கொகோஷ்காவின் அறக்கட்டளையும் இங்கேதான். காகிதம் வெளிச்சத்தில் கெடும் என்பதால் எல்லாவற்றையும் எப்போதும் தொங்கவிட மாட்டார்கள். அந்த வாரம் என்ன கண்காட்சி என்று பார்த்துவிட்டுப் போங்கள். மழை வந்தால் இதைவிட நல்ல இடம் இல்லை.

கோவைப்பயணி

சரி, டிராவல்ஸ்காரரிடம் பேசி ஜெனீவாவில் ஒரு இரவைக் குறைத்து வெவேயில் தங்குவதாக மாற்றிவிட்டேன். இப்போதைய யோசனை: ஞாயிறு மதியம் வந்து சேர்ந்து ஏரிக்கரை நடை, முள்கரண்டி, சிலை. திங்கள் காலை உணவு மியூசியம், கேமரா மியூசியம், கொர்பூசியே வீடு. செவ்வாய் சாப்ளின் வீடு முடித்து இன்டர்லாக்கன். சரியா?

லேமான்கரை

திங்களை மாற்றுங்கோ! உணவு, கேமரா, ஜெனிஷ் எல்லாமே திங்கள் பூட்டு. சாப்ளின் வீடு திங்களும் திறந்திருக்கும். அதனால் திங்கள் காலை சாப்ளின், பின்னேரம் லவோ தொடருந்து அல்லது படகு. செவ்வாய் விடிய சந்தைச் சதுக்கத்துக்குப் போங்கோ, செவ்வாயும் சனியும்தான் சந்தை கூடும். பழம், பாலாடைக்கட்டி, பாண் வாங்கிக்கொண்டு ஏரிக்கரை வாங்கில் இருந்துகொண்டு காலைச் சாப்பாடு. உணவகத்தில் மூன்று பேர் சாப்பிடுகிற காசு மிச்சம். பிறகு உணவு மியூசியமோ கேமராவோ, ஒன்று போதும், இரண்டையும் திணிக்க வேண்டாம். கொர்பூசியே வீடு திறக்கிற கிழமை உங்கள் நாட்களோடு பொருந்தாவிட்டால், முழுப் பயணத்தையுமே வெள்ளி, சனி பக்கம் தள்ளலாமா என்று பாருங்கோ. அம்மா ஆசைப்பட்டிருக்கிறா.

தங்கும் விடுதியில் ரிவியேரா அட்டை தருவார்கள், கேட்டு வாங்குங்கோ. உள்ளூர்ப் பேருந்து அதில் சும்மா, பல அருங்காட்சியகங்களில் பாதி விலை. அரிசிச் சோறு இல்லாமல் அப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தால், லவுசானில் எங்கட ஆக்களின் கடைகள் இருக்கு.

கோவைப்பயணி

தேதியை மாற்றிவிட்டேன். வெள்ளி காலை வந்து, சனி சந்தை பார்த்து, ஞாயிறு மதியம் கிளம்புகிறோம். அந்த வீடு சனி, ஞாயிறு திறக்குமா என்று மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன், அடுத்து போகிறவர்களுக்கும் உதவும். லேமான்கரை, சனிக்கிழமை சந்தைக்கு உங்களால் வர முடியுமா? அப்பா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

லேமான்கரை

கட்டாயம் வாறேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், உங்கள் அப்பா அவர்களுக்கும் ஒரு ஊமைப்பட வகுப்பு எடுக்கட்டும்.